பகல் பத்து மணிக்குச் சாம்பல் நிறக் கோட்டு

நேற்றுக் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சுங்கை பெசாரில் என் தங்கையின் சம்பந்தி வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு விருந்து என்று போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆண்கள்: கறுப்புக் கோட்டு' என்று அச்சடித்திருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு! வயல் காற்றுகூட நின்றுபோகும் நேரத்தில்! நான் பத்திரிகையை மேசையில் ஓங்கி அடித்து, "கறுப்பு ராத்திரிக்குலா!" என்று கத்திவிட்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருகிட்ட கத்துறீங்க?"

உன்னிடம்தான் கூட்டாளி, வேறு யாரிடம்? நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் உன் சட்டங்கள் என் வாயிலிருந்து வந்து விழுகின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் எந்த வேளைக்கு என்ன உடுத்துகிறான் என்று நான் பாட்டுக்குக் கவலையில்லாமல் இருந்திருப்பேன். நீ கெடுத்தாய். ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் கோட்டின் கீழ்ப் பட்டனைப் பார்க்கிறேன். அது போட்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்த வினை. நாம் பிறந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஆறு மைல் உள்ளே. ஒரே லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்; உங்கள் வீடு இந்தக் கோடி, எங்கள் வீடு அந்தக் கோடி. எண்பதுகளின் தொடக்கத்தில் உனக்குத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை கிடைத்தது. அப்போது பங்களாவின் சாமான் அறையைக் காலி செய்து, பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன குப்பைகளை எரிக்கச் சொன்னார்கள். எரிக்கிற குவியலிலிருந்து நீ ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாய். அட்டை இல்லை. உள்ளே கால் நீண்ட வெள்ளைக்காரர்கள் கைத்தடியோடு நிற்கும் படங்கள். ஆண்கள் எந்த நேரத்தில், எந்த இடத்துக்கு, என்ன உடுத்த வேண்டும் என்று முந்நூறு பக்கம். நானாக இருந்தால் அடுப்பு மூட்டியிருப்பேன். நீ அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் படித்தாய்.

படித்துவிட்டுச் சும்மா இருந்தாயா? கால்பந்துத் திடல் ஓரத்தில் உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். "பகல்ல கறுப்பு கூடாது. சாம்பல் நிறம், இல்லாட்டி நீலம். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்புறந்தான் கறுப்பு." "நிக்கிறப்போ மேல் பட்டன். உக்காந்தா அவுத்துடணும். கீழ் பட்டன் எப்பவும் போடக்கூடாது." "போடவே கூடாதுன்னா எதுக்குடா வச்சுத் தைக்கிறான்?" என்று நான் கேட்டேன். "அது அப்படித்தான்லா" என்றாய். இதுதான் உன் விளக்கம். முந்நூறு பக்கம் படித்தவனின் விளக்கம்.

அப்புறம் பத்தாங் பெர்ஜுந்தாய்ச் சீனத் தையல்கடை முதலாளி தவுக்கேயிடம் போய் உனக்கு ஒரு கோட்டு தைத்தாய். வெளிர் சாம்பல் நிறம், கனமில்லாத கம்பளித் துணி. ஐந்து முறை அளவு பார்க்கப் போனாய். ஐந்து முறையும் என் மோட்டார் சைக்கிளில்தான். "கோட்டுன்னா தோள்ல உக்காரணும் தவுக்கே, வயித்துல இல்ல" என்று நீ சொல்ல, அந்த மனுஷர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 'உன் கூட்டாளிக்குக் கொஞ்சம் சொல்லக்கூடாதா' என்று கேட்கிற பார்வை. நான் என்ன சொல்வேன்? எனக்கே அந்தப் பார்வைதான் அப்போது.

கோவிந்தன் கல்யாணம் நினைவிருக்கிறதா? நம் லயத்துப் பையன், தோட்டத்துக் கோயிலில் காலை பத்து மணிக்கு முகூர்த்தம். தாலி கட்டி முடித்து, வரவேற்புக்காகக் கறுப்பு வெல்வெட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கோலாலம்பூரில் வாடகைக்கு எடுத்தது. முகமெல்லாம் சிரிப்பு. நீ அவனை ஓரமாகக் கூட்டிப் போய்க் காதில் ஏதோ சொன்னாய். அவன் கோட்டைக் கழற்றிவிட்டான். கழற்றினால் உள்ளே முதுகு கிழிந்த சட்டை! பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள். மாமியார் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டுமா? கோவிந்தனின் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "அவன்தான் கிறுக்கன்னா நீயாச்சும் தடுக்கக்கூடாதா?" நான் தடுப்பதற்குள் நீ பந்தியில் உட்கார்ந்து, கோட்டுப் பட்டனை அவிழ்த்துக்கொண்டு, சாம்பாருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாய்.

என் வேலை விஷயத்திலும் விட்டாயா? ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன் வேலைக்கு நேர்காணல். "காலையில நேர்காணல்னா டை கட்டாமப் போகாதே" என்று உன் டையைக் கட்டிவிட்டு, உன் சாம்பல் நிறச் சிலுவாரையும் மாட்டி அனுப்பினாய். உன் இடுப்பு எனக்குப் பற்றாது. மூச்சைப் பிடித்துக்கொண்டே போனேன். அங்கே மேனேஜர் கையில்லாத பனியனோடு ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்சூரன்ஸ் வேண்டாம்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். வேலைக்கு வந்தவன் என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துப்போனது. வேலை கிடைத்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் நான் இருந்த இருபத்திரண்டு வருஷமும் எனக்குப் பெயர் 'இன்சூரன்ஸ்'தான். உன்னிடம் சொன்னபோது, "பாத்தியா, மறக்காம வச்சிருக்காங்க" என்று பெருமைப்பட்டாய்.

இந்தக் கதைகளையெல்லாம் விட, நான் அதிகம் சொன்ன கதை ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது உன்னிடம் திரும்பச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதை இத்தனை வருஷமும் நான் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதற்கும் நீதான் காரணம்.

என் அப்பா செம்பனைக் காட்டில் ஆட்களை மேய்க்கும் வெளிக்காட்டு மண்டோர் என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் மழையில் பெண்களை மருந்தடிக்கப் போகச் சொல்லிப் புதுச் சின்னத் துரை உத்தரவு போட்டான். கையுறைகூடக் கொடுக்கவில்லை. அப்பா ஆபீஸ் வாசலில் போய் நின்று, மழை விட்டதும் அனுப்புகிறேன் என்றார். வார்த்தை தடித்தது. சின்னத் துரை அப்பாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். விழாமல் இருக்க அப்பா கைகளைத் தூக்கினார். கையில் விரித்த குடை இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுநாள் வந்த கடிதத்தில், மண்டோர் குடையால் அதிகாரியை அடித்தார், அதனால் வேலை நீக்கம், ஒரு மாதத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு எந்த இடமும் தெரியாதவர். தம்பியும் தங்கையும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நீ ஒருவன்தான். மருந்தடிக்கிற பெண்கள் கொட்டகைக்குள் இருந்தார்கள். மேசையை விட்டு எழுந்து நின்று பார்த்ததாக நீயே என்னிடம் சொன்னாய். நான் உன்னிடம் சாட்சி சொல்ல வா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? உனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். உன் மனைவி உண்டாகியிருந்தாள். நீயும் தோட்டத்து வீட்டில்தான் இருந்தாய். ஆனால் தொழிற்சங்கத்து ஆள் வழக்கைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோய், கோல சிலாங்கூரில் விசாரணைக்கு நாள் குறித்ததும், நீயே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாய். "மாமா, நான் வரேன்" என்றாய். அப்பா, "வேணாம்யா, உன் பொழைப்பப் பாரு" என்றார். "லீவு எழுதிக் குடுத்துட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் போய்விட்டாய்.

விசாரணை பகல் பத்து மணிக்கு. நானும் அப்பாவும் சங்கத்து ஆளும் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். கடை வீட்டு மாடியில் ஓர் அறை, நீளமான மேசை, ஒரு பக்கம் சின்னத் துரையும் கம்பெனியிலிருந்து வந்த ஒருத்தரும். நீ எட்டு மணிப் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வரவில்லை. ஒன்பது மணிப் பஸ்ஸும் வந்து போனது. பத்து மணிக்கு அதிகாரி கோப்பைத் திறந்தார். சின்னத் துரை அவன் கதையைச் சொன்னான். அப்பாவைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார், நின்றபடியே சொன்னார், யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. தோட்டத்துத் தமிழையும் தெரிந்த அளவு மலாயையும் கலந்து, குடையை எப்படிப் பிடித்திருந்தார் என்று காட்டக் கையைத் தூக்கினார். அது அடிக்க ஓங்கியது மாதிரியே இருந்தது. கம்பெனிக்காரர் லேசாகச் சிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்கள் சாட்சி எங்கே?" என்று அதிகாரி கேட்டார். வருகிறார் என்றோம். பத்தரை ஆனது. "பதினொரு மணி வரை பார்க்கிறேன்" என்றார். நான் கீழே இறங்கி ஓடினேன். பஸ் நிலையத்துக்கும் படிக்கட்டுக்குமாக நாலு தடவை நடந்திருப்பேன். மனதுக்குள் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பிறகு, பயந்துவிட்டான், அவன் மேல் குற்றமில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். திரும்பவும் திட்டினேன்.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. நீ இறங்கினாய். வெளிர் சாம்பல் நிறக் கோட்டு, அதே நிறச் சிலுவார், நீல டை, துடைத்து மினுக்கிய பழுப்புச் சப்பாத்து. தலையை வழித்து வாரியிருந்தாய். என் அப்பாவின் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது, நீ கடைத்தெருவில் மாப்பிள்ளை மாதிரி இறங்குகிறாய்!

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கறுப்புச் சிலுவாரப் போட்டுக் கெளம்பிட்டேன். பகலுக்கு ஒத்து வரல. திரும்பிப் போயி மாத்திக்கிட்டு வரேன்."

அந்த இடத்தில் உன்னைக் கொன்றிருப்பேன். "அறிவிருக்கா உனக்கு? மேல எங்கப்பன் நாலு பேரு மத்தியில கைதி மாதிரி நிக்கிறாரு. உனக்குச் சிலுவார் நிறம் கேக்குதா? உன்னையெல்லாம் கூட்டாளின்னு நம்பினேன் பாரு!" இப்படியே படிக்கட்டு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். மாடிக் கதவுக்கு முன்னால் நின்று, மேல் பட்டனைப் போட்டாய். அதற்கே நீ இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

நீ உள்ளே போனதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சிலா டுடோக், என்சிக்" என்று நாற்காலியைக் காட்டினார். காலையிலிருந்து அந்த அறையில் எங்கள் பக்கத்து ஆளை 'என்சிக்', ஐயா, என்று மரியாதையாக அழைத்தது அப்போதுதான். நீ உட்காரவில்லை. அப்பா நிற்பதைப் பார்த்தாய். "இவர் உட்கார்ந்தால் நானும் உட்காருகிறேன்" என்று நல்ல மலாயில் மெதுவாகச் சொன்னாய். அதிகாரி வாசல் பக்கம் பார்த்துக் கையசைத்தார். பிறகு அப்பாவுக்கு நாற்காலி வந்தது. அப்பா உட்கார்ந்ததும் நீ கோட்டுப் பட்டனை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாய்.

பார்த்ததைச் சொன்னாய். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தள்ளினது யார், எந்தக் கையால், குடை எவ்வளவு உயரம் போனது, யார் மேலும் படாமல் தரையில் எப்படி விழுந்தது. கம்பெனிக்காரர் குறுக்கே கேட்டார்: "நீ தோட்டத்துக் கிராணிதானே? மேனேஜருக்குத் தெரிந்துதான் வந்தாயா?"

"நான் இன்றைக்கு லீவில் இருக்கிறேன். கிராணியாக வரவில்லை."

"அதற்காகவா இந்த உடுப்பு?"

"பகல் நேர விசாரணைக்கு இதுதான் உடுப்பு" என்றாய்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அங்கேயுமா!

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வீடு நின்றது. தம்பியும் தங்கையும் அதே பள்ளியில் படித்து முடித்தார்கள். சின்னத் துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். உன்னையும் சும்மா விடவில்லை. ஆபீஸ் மேசையிலிருந்து தூக்கி, செம்பனைக் குலை ஏற்றுகிற இடத்தில் லோரிக்குப் பக்கத்தில், வெயிலில் நிற்க வைத்தார்கள். நான்கு மாதம் நின்றாய். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, ராவாங்குக்குப் பக்கத்தில் சுங்கை சோவுக்கு வீடு மாறி, ஓர் ஆண்கள் துணிக்கடையில் சேர்ந்தாய். அங்கே காலைக் கல்யாணத்துக்குக் கறுப்புக் கோட்டு கேட்டு வந்தவர்களுக்கு விற்க மாட்டேன் என்று சண்டை போட்டு, முதலாளி என்னிடம் வந்து முறையிட்டதெல்லாம் தனிக் கதை.

அந்த விசாரணைக் கதையை நான் சொல்லாத கல்யாணம் இல்லை. "எங்கப்பா வேலை போய்க்கிட்டிருக்கு, இவன் சிலுவார் நிறம் ஒத்து வரலன்னு வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டான்!" என்பேன். மேசை முழுக்கச் சிரிக்கும். நீயும் சிரிப்பாய். "சப்பாத்தும் ஒத்து வரலலா" என்று எடுத்துக் கொடுப்பாய். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். சாகிற வரைக்கும், தீபாவளிக்கு முதல் பலகாரம் உன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பார். நான் அதற்கும் எரிச்சல் படுவேன். தாமதமாக வந்தவனுக்கு முதல் மரியாதையா என்று.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, உன் மனைவியிடம் அந்தக் கதையைத்தான் சொன்னேன். கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, இன்னுமா உங்களுக்குத் தெரியாது?" என்றாள். "நெறமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆபீசுக்குப் போற மாதிரி வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சிலுவாரும்தான் அன்னிக்குப் போட்டாரு. ஏழு மணிக்கே பஸ்ஸுக்குப் போனாரு. பஸ் வர்றப்ப அங்கேயே வாந்தி எடுத்துட்டாரு, சட்டை சிலுவார் எல்லாம். திரும்பி வந்து கெணத்தடியில உக்காந்துட்டாரு. 'என்னால முடியாது, எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரே அழுகை. நான் என்ன சொல்லுவேன்? வயித்துல பிள்ள. எனக்கும் பயந்தான். ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் அவராவே எந்திரிச்சுக் குளிச்சாரு. கோட்டை எடுத்தாரு. 'இதுக்குக் கை நீளம், நடுங்குறது வெளிய தெரியாது'ன்னாரு. போயிட்டாரு."

நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சொல், உன்னை நான் என்ன செய்வது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அன்றைக்குப் படிக்கட்டில் வேண்டாம், அதற்கு நேரமில்லை. அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் கழித்துச் சொல்லியிருக்கலாம். சுங்கை சோவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பசியாறியிருப்போம்! சட்டைக் காலரின் முனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த வாய்க்கு, 'நான் பயந்துபோனேன்டா' என்று சொல்ல வரவில்லையா? உன்னை நான் கோமாளி ஆக்கி, ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தையும் சேர்த்துக்கொடுத்திருக்கிறாய். பயமே இல்லாதவன், வேடிக்கைக்காரன், அவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நான் நினைத்துவிட்டேன். அதனால் ஒருநாள்கூட உனக்கு நன்றி என்று சொல்லவில்லை. சொன்னதெல்லாம் படிக்கட்டில் சொன்னதுதான்.

கோபம் இன்னும் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

போன மாதம் என் மகள் வேலை செய்கிற ஆபீசில் ஒரு விசாரணை. அவளோடு வேலை பார்க்கிற பெண்ணிடம் மேலதிகாரி ஒருவன் தப்பாக நடந்திருக்கிறான். பார்த்தது இவள் ஒருத்திதான். காலையில் நான்தான் காரில் கொண்டுபோனேன். வாசல் வந்ததும் அவள் இறங்கவில்லை. "அப்பா, எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். நேரம் ஒன்பது ஆகிவிட்டது. எனக்கு வழக்கமாக வருகிற சத்தம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். காரைத் திருப்பி, எதிர்ச் சாலைக் கடையோரம் நிறுத்தினேன். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உன்னைப் பற்றி மட்டும் சொன்னேன், உன் மனைவி சொன்னபடி, முதல் தடவையாகச் சரியாக.

நாற்பது நிமிஷம் தாமதமாக அவள் உள்ளே போனாள். அவள் வெளியே வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். வந்ததும், ஏன் லேட் என்று கேட்காமல், கையைப் பிடித்துக்கொண்டேன். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.